டொக்டர் ஹூ, ‘த பீஸ்ட் பிலோ’: விலங்கை அவிழ்த்தால் போதுமா?

எட்டாம் நம்பர் லயம்:

மூன்று நாளாக இங்கே இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் விடாத மழை. நேற்று ராத்திரி தம்பியின் லெப்டொப்பில் ‘டொக்டர் ஹூ’ என்ற பிரித்தானிய விஞ்ஞானக் கதைத் தொடரின் ‘த பீஸ்ட் பிலோ’ எபிசோடை மறுபடி பார்த்தேன். 2010 ஏப்ரல் 10ஆம் திகதி பீபீசியில் வந்தது. மெட் ஸ்மித் டொக்டராக நடித்த இரண்டாவது எபிசோட், எழுதியவர் ஸ்டீவன் மொஃபட். முதல் தடவை பார்த்தபோது கடைசிக் காட்சியில் அழுதுவிட்டேன். இந்தத் தடவை அதே காட்சியில் கோபம் வந்தது. ஏன் என்று விடிய விடிய யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். கதை முழுவதும் வெளியே வரும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

தூரத்து எதிர்காலம். சூரியச் சுவாலையில் பூமி கருகுகிறது. மற்ற நாடுகள் எல்லாம் கப்பல் கட்டிக்கொண்டு தப்பிவிட்டன. பிரித்தானியா மட்டும் வழியில்லாமல் நிற்கிறது, பிள்ளைகள் அழுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு நட்சத்திரத் திமிங்கிலம் வருகிறது. அதைப் பிடித்து, அதன் முதுகில் நாடு முழுவதையும் கட்டி, மண்டையைத் திறந்து, மூளையில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டுகிறார்கள். மேலே சந்தை, பள்ளிக்கூடம், ராணி. கீழே அந்தச் சீவன்.

பதினாறு வயது தாண்டியவர்களுக்கு ஒரு சிறிய அறையில் உண்மையைப் படமாகக் காட்டுகிறார்கள். பிறகு இரண்டு பொத்தான்: ‘எதிர்ப்பு’, ‘மறதி’. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை இது நடக்கும். எல்லாரும் மறதியை அழுத்திவிட்டு வெளியே வந்து சாமான் வாங்கப் போகிறார்கள்.

கடைசியில், காலத்தில் பயணம் செய்யும் டொக்டரோடு அந்தக் கப்பலுக்கு வந்த ஏமி, ராணியின் கையைப் பிடித்து இழுத்துப் பதவி விலகும் பொத்தானில் வைக்கிறாள். சித்திரவதை நிற்கிறது. திமிங்கிலம் ஓடிப் போகவில்லை, முன்னைவிட வேகமாக நீந்துகிறது. பிள்ளைகள் அழுவதைத் தாங்காமல் தானாகவே உதவ வந்த சீவன் அது, கட்டிவைத்திருக்கத் தேவையே இருக்கவில்லை என்று ஏமி விளங்கப்படுத்துகிறாள். எல்லாருக்கும் நிம்மதி. இசை.

என் கோபம் இதுதான். முதுகில் இருந்தவர்களில் ஒருவராவது இறங்கினாரா? சுமந்தது சுமந்துகொண்டே இருக்கிறது, ஏறினவர்கள் ஏறினபடியே இருக்கிறார்கள். அவிழ்த்ததும் திமிங்கிலம் போயிருக்க வேண்டும். அது நல்ல மனசு படைத்ததாக இருந்ததால் இவர்கள் தப்பினார்கள். என் அம்மா முப்பத்திரண்டு வருடம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். பட்டம், பரிசு, “எங்கள் தாய்மார்கள் நாட்டின் முதுகெலும்பு” என்ற மேடைப் பேச்சு எல்லாம் கேட்டிருக்கிறார். முதுகெலும்பு என்று சொல்வதே ஏறி உட்காரத்தான் என்று எனக்கு நேற்றுத்தான் உறைத்தது.

கடைசி பஸ்:

அண்ணே, மரியாதையாகவே மறுக்கிறேன். நான் மஸ்கெலியாவில் பிறந்து கொழும்பில் சொஃப்ட்வெயார் வேலை செய்கிறவன். எந்தக் கதையைப் பார்த்தாலும் அதில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைத்தான் பார்க்க வேண்டுமா? இது கருணையைப் பற்றிய கதை. மிகப் பழைய, தன் இனத்தில் கடைசியாக மிஞ்சிய ஒரு சீவன் அழுகிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகவில்லை. டொக்டரும் அப்படிப்பட்டவர்தான் என்பதை ஏமி கண்டுபிடிக்கிறாள், அதனால்தான் அவளால் மட்டும் விடையைக் காண முடிந்தது. அதுதான் எபிசோடின் உயிர். திமிங்கிலம் போயிருக்க வேண்டும் என்று சொன்னால் அந்தக் கருணையையே இல்லாமல் ஆக்குகிறீர்கள்.

இன்னொன்று. திமிங்கிலம் தானாக வந்தது. நம் பாட்டன் பூட்டன் அப்படி வரவில்லை. பஞ்சத்தில், ஆள் சேர்க்க வந்த கங்காணியின் ஆசை வார்த்தையை நம்பி இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தார்கள். ஒப்பிடுவதென்றால் முழுவதையும் ஒப்பிட வேண்டும்.

ஸ்டோர்க்காரர் மகள்:

இரண்டு பேரும் கடைசிக் காட்சிக்கே ஓடிவிட்டீர்கள். எனக்கு இந்த எபிசோட் என்றால் தொடக்கத்தில் வரும் அந்தத் தண்ணீர்க் குவளைதான்.

டொக்டர் யாரோ ஒருவருடைய மேசையிலிருந்து ஒரு குவளையை எடுத்துத் தரையில் வைத்துக் குனிந்து பார்ப்பார். தண்ணீரில் சின்ன அலைகூட இல்லை. இவ்வளவு பெரிய கப்பல் ஓடுகிறது, ஆனால் தரை அதிரவில்லை, அப்படியென்றால் இயந்திரமே இல்லை. ஒரு சொல் பேசாமல் கதை அந்த இடத்தில் முழுதாகத் திறந்துவிடுகிறது.

என் அப்பா இருபத்தாறு வருடம் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில் வேலை செய்தார், கொழுந்தை உருட்டும் ரோலர் பக்கம். கடைசி வருடங்களில் காது சரியாகக் கேட்கவில்லை. ஆனால் வாசற்படியில் கால் வைத்ததும் எத்தனை ரோலர் ஓடுகிறது, எது நின்றிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பாதத்தால் கேட்கிறேன் என்பார். ஒருநாள் நான் சோறு கொண்டுபோனபோது அவருடைய சாயத்தண்ணிக் கோப்பையைப் பலகையில் வைத்துக் காட்டினார். சாயத்தண்ணியின் மேல் வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள். “இது நின்னா நம்ம சோறும் நின்னுச்சு” என்றார். அந்தக் காட்சியைப் பார்த்தபோது மொஃபட் எங்கள் ஸ்டோருக்கு வந்து போனவரா என்று தோன்றியது.

பச்சைக் கொழுந்து:

அக்கா அந்தக் கோப்பை கண்முன்னால் நிற்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கோச்சியில் (ரயிலில்) தண்ணீர் வைத்துப் பார்க்கப் போகிறேன். பட்டிப்பொலை ஏற்றத்தில், 6,226 அடியில்.

ஊவா டீச்சர்:

பண்டாரவளையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒரு விஷயத்தை முதலில் சரியாக்கிவிடுகிறேன். சூரியச் சுவாலை பூமியைக் கருக்காது. பதிவான பெரிய சூரியப் புயல் 1859இல் வந்தது. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது, வெப்ப நாடுகள் வரைக்கும் வானத்தில் ஒளி தெரிந்தது. யாரும் எரியவில்லை. 1989 மார்ச்சில் வந்த புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் பேருக்கு ஒன்பது மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் செய்தது. பாதிப்பு மின்சாரத்துக்கும் தொடர்பாடலுக்கும்தான். சூரியன் மெதுவாகப் பிரகாசம் கூடிக்கொண்டு போவது உண்மை, ஆனால் 100 கோடி வருடத்துக்கு 10 வீதம் என்ற கணக்கில். கதை சொல்லும் 29ஆம் நூற்றாண்டு அந்தக் கணக்கில் நாளைக்குச் சமம்.

அடுத்தது திமிங்கிலத்தின் அலறல். அது மனிதக் காதின் எல்லைக்கு மேலே இருப்பதால் யாருக்கும் கேட்பதில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டு, தன் கருவியால் எல்லாருக்கும் கேட்கச் செய்வார். நமக்குக் கேட்பது 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை. பெரிய உடம்பு என்றால் ஒலி தாழ்ந்துதான் வரும். நம் மிரிஸ்ஸ கடலுக்கு வருகிற நீலத் திமிங்கிலத்தின் குரல் அந்த 20 ஹேர்ட்ஸ் பக்கம்தான், சில நேரம் அதற்கும் கீழே. ஒரு நாட்டையே சுமக்கிற அளவு உடம்பு எப்படிக் கீச்சுக் குரலில் அலறும்?

பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தங்கச்சி சொன்ன குவளை ஞாபகம் வந்தது. தாழ்ந்த ஒலி என்றால் தரை அதிரும், தண்ணீரில் அலை வரும், அந்தக் காட்சியே இல்லை! மேலே போன ஒலி என்றால்தான் குவளை அசையாமல் இருக்கும், அலறலும் கேட்காமல் இருக்கும். எழுதியவர் இதை யோசித்து எழுதினாரா தெரியாது, ஆனால் பொருந்துகிறது. ஒரு வகுப்புக்கு இதைப் பாடமாகவே எடுக்கலாம்.

கடைசி பஸ்:

டீச்சர், ஏழு தடவை பார்த்திருக்கிறேன், இது எனக்குத் தட்டவே இல்லை. நன்றி.

பழைய துண்டு:

பிள்ளைகளே, நான் இந்தத் தொடரை முழுதாகப் பார்த்தவன் அல்ல. பேரன் போட்டுக் காட்டிய இந்த ஒன்றை மட்டும் பார்த்தேன், தமிழில் அவனே சொல்லச் சொல்ல. என்னைப் பிடித்து உலுக்கியது இரண்டு பொத்தான் இருந்த அந்தச் சிறிய அறை, அந்த வாக்குப் பெட்டி.

நூற்றுக்கு ஒருவர் எதிர்ப்பை அழுத்தினால் போதும், திட்டம் நிறுத்தப்படும், அதன் விளைவு எல்லாருக்கும் என்று அந்தப் படத்தில் ஒருவர் சொல்வார். நூற்றுக்கு ஒன்று! அந்த ராணி தான் பத்து வருடமாக ஆள்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் முகமூடி 200 வருடத்துக்கு முந்தியது, அவளுக்கு வயது 300க்குக் கிட்ட என்று டொக்டர் கண்டுபிடிப்பார். அத்தனை காலத்தில், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை என்று பார்த்தால், எத்தனை வாக்கு? ஒரு தடவைகூட அந்த ஒரு வீதம் வரவில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இல் எங்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் வாக்குரிமையும் போனது. 1952இல் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அதில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்த என் தகப்பனார் நடையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, “கையில புள்ளடி போடற பென்சிலு இல்லன்னா ஆளு இருக்கறதே கணக்குல வராது” என்றார். எனக்கு அப்போது எட்டு வயது.

அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கு இரண்டு பொத்தானாவது இருந்தது. எங்களுக்கு அந்தப் பெட்டிக்குள் போகவே வழியில்லை. ஆகவே லயத்துத் தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையில் நாங்கள் யார்? வாக்குப் போட்டவர்களா, கீழே கிடந்த சீவனா?

எட்டாம் நம்பர் லயம்:

ஐயா, கீழே கிடந்த சீவன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஒரு வீதத்தைப் பற்றி ஒன்று. எதிர்ப்பை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். டொக்டர் அழுத்தியதும் தரை திறந்து அவரும் ஏமியும் திமிங்கிலத்தின் வாய்க்குள் விழுகிறார்கள். எதிர்த்தவர்கள் அதற்கு இரையாகப் போடப்பட்டார்கள் என்று பிறகு சொல்லப்படுகிறது. எதிர்த்தவனைக் கீழே தள்ளிவிட்டால் அடுத்த தடவை வாக்குப் போட அவன் இருக்கமாட்டான். அப்படியிருக்க ஒரு வீதம் எப்படிச் சேரும்? இது நான் ஊகிப்பது. ஆனால் அந்தக் கணக்கை எண்ணுகிற ஒருவரையும் எபிசோடில் காட்டவில்லை.

பச்சைக் கொழுந்து:

ஆனால் அண்ணா, ஏமியும் மறதியைத்தான் அழுத்தினாள். அவள் அந்தக் கப்பல்காரி இல்லை, அவளுக்கு அங்கே வீடு வாசல் எதுவும் இல்லை, இருந்தும் அழுத்தினாள். அழுதுகொண்டே தனக்குத்தானே ஒரு செய்தி பதிவு செய்து வைத்தாள், டொக்டரைக் கூட்டிக்கொண்டு இங்கிருந்து போய்விடு என்று. அந்தக் காட்சியில் கேரன் கிலன் முகத்தைப் பாருங்கள். மறதியை அழுத்துகிறவர்கள் எல்லாரும் கோழைகள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு அடி. தான் நேசிக்கிற ஒருவரை முடியாத முடிவிலிருந்து காப்பாற்ற அவள் மறந்தாள்.

அதற்காக டொக்டர் அவளை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று கோபப்பட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அதே டொக்டர் அடுத்த நிமிடம் என்ன செய்யப் போனார்? வலி தெரியாமல் இருக்கட்டும் என்று திமிங்கிலத்தின் மூளையைச் சாகடிக்கப் போனார். உடம்பு மட்டும் நீந்த வேண்டும், உள்ளே யாரும் இருக்கக்கூடாது.

மவுசாகலை:

மறதியைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பழைய மஸ்கெலியா டவுன் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குக் கீழே இருக்கிறது. 1969இல் அணை முடிந்தது. வறட்சி வந்து தண்ணீர் இறங்கினால் பழைய கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் சேற்றோடு வெளியே வரும். சனம் போட்டோ எடுக்கப் போகும். என் பெரியம்மா மட்டும் போகமாட்டார். கடைத்தெரு எங்கே, தபால் கந்தோர் எங்கே என்று வீட்டுக்குள் இருந்துகொண்டே விரலால் நிலத்தில் கீறிக் காட்டுவார். தண்ணீர் இறங்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

அந்தக் கப்பலில் மறதிப் பொத்தானை அழுத்தியவர்களுக்கு மறந்தது. கீழே இருந்ததற்கு யாரும் மறதிப் பொத்தான் கொடுக்கவில்லை. எனக்குக் கதையில் பிடித்ததும் பிடிக்காததும் அதுதான்.

இன்னொரு சின்ன விஷயம். அந்தக் கப்பலின் கட்டடங்களுக்கு இங்கிலாந்து மாவட்டங்களின் பெயர் வைத்திருப்பார்கள். ஸ்கொட்லாந்துக்காரர்கள் தனிக் கப்பல் கேட்டுப் போய்விட்டார்கள் என்று ஒரு வசனமும் வரும். ஹோலிரூட், டன்சினேன், வேவர்லி, கிளாஸ்கோ என்று நம் தோட்டங்களின் பெயர்ப்பலகையை வாசித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கப்பல் பழகின இடம் மாதிரி இருக்கும். அந்த ஸ்கொட்லாந்துக் கப்பல் போன இடம் எனக்குத் தெரியும் என்று சின்னத் தங்கையிடம் சொன்னேன்.

கடைசி பஸ்:

எல்லாரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மனசு கொஞ்சம் இளகித்தான் இருக்கிறது. ஆனால் என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. திமிங்கிலம் தானாக வந்தது, தானாக இருந்தது. கட்டை அவிழ்த்த பிறகு அது போயிருக்கலாம். போகவில்லை. அதன் விருப்பத்துக்கு மதிப்பு இல்லையா? “நீ போயிருக்க வேண்டும்” என்று நாம் சொல்வதும் அதன் தலையில் ஏறி உட்காருவதுதானே?

ஸ்டோர்க்காரர் மகள்:

தம்பி, அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். என்னால் முடிந்த அளவு.

என் அம்மம்மா கொழுந்து மலைக்குப் போகும்போது கைக்குழந்தையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் போவார். பத்து மணிக்குப் பால் கொடுக்க இறங்கி ஓடி வருவார், மறுபடி ஏறுவார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து தொடையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏன் அம்மாயி நீங்க வேற எங்கயாச்சும் போகல என்று ஒருநாள் கேட்டேன். “மடுவத்துல புள்ள கெடக்கே” என்றார். அவ்வளவுதான் பதில்.

பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டு வந்தது திமிங்கிலம். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு இருந்தவர் அம்மம்மா. இரண்டும் அன்புதான். அம்மம்மாவின் அன்பை யாராவது குறைத்துப் பேசினால் நான் சண்டைக்குப் போவேன். ஆனால் அந்த அன்பை வைத்து, அவர் விரும்பித்தான் இருந்தார் என்று தோட்டம் சொன்னால் அதற்கும் சண்டைக்குப் போவேன். அவர் இருந்ததற்குக் காரணம் பிள்ளை. அவரை இருத்தியதற்குக் காரணம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்குவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பழைய துண்டு:

மகள் சரியாகச் சொன்னார். வேறு காரணம் என்ன என்பதற்கு என் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு என்றால் என்ன என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், அவன் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும், கடன் ஆளோடு கூடவே போகும். ஆளும் கடனும் ஒரே சாமான். 1921இல்தான் அது ஒழிந்தது. என் பாட்டனுடைய துண்டு ஒன்றைத் தகரப் பெட்டியில் என் தகப்பனார் வைத்திருந்தார். மடிப்பில் கிழிந்து நான்காகிவிட்டது. அதில் பெயர் பாதிதான் தெரிகிறது, தொகை முழுதாகத் தெரிகிறது.

கட்டை அவிழ்த்த பிறகு போயிருக்கலாமே என்று மஸ்கெலியாத் தம்பி கேட்கிறார். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் நம் ஆட்களைப் பங்கு பிரித்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரை அப்புறம் பார்ப்போம் என்று வைத்தார்கள். பத்து வருடம் கழித்து 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். போகிறவர்களை ஏற்றிவிட நான் கோச்சியடிக்குப் போயிருக்கிறேன். போனவனும் அழுதான், நின்றவனும் அழுதான். மிச்சமிருந்தவர்களின் நாடற்ற நிலை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் பொறுக்க வேண்டியிருந்தது. போவதா இருப்பதா என்பதை அவர்களிடம் உட்கார்ந்து கேட்டவர் யாரும் இல்லை. எண்ணித்தான் பார்த்தார்கள். ஆகவே போனதா இருந்ததா என்பது எனக்குப் பெரிதில்லை. கேட்டார்களா என்பதுதான் பெரிது.

எட்டாம் நம்பர் லயம்:

ஐயா, நான் ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருந்த சொல் அதுதான். கேட்டார்களா.

என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். திமிங்கிலம் போயிருக்க வேண்டும் என்று நான் சொன்னது பிழை. அது இருக்கட்டும், போகட்டும், அது அதன் இஷ்டம். மஸ்கெலியாத் தம்பி சொன்னது அதில் சரி. என் கோபம் பயணிகள் மேல். அது இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் செய்தது நிம்மதிப் பெருமூச்சு விட்டதுதான். அந்தக் கப்பலில் உண்மை பிறகும் மறைக்கப்பட்டதா, பெட்டிகள் அப்படியே இருந்தனவா என்றும் தெரியவில்லை.

பச்சைக் கொழுந்து:

அண்ணா இங்கே ஒன்று விட்டுவிட்டீர்கள்! கடைசியில் டொக்டர் தனியாக நிற்கும்போது ஏமி ராணியின் முகமூடியைக் கொண்டுவந்து கொடுப்பாள். இனிமேல் இந்தக் கப்பலில் இரகசியம் எதுவும் இருக்காது என்று ராணி சொல்லி அனுப்பியிருப்பாள். சோஃபி ஒகொனேடோ அந்த ராணியாக எவ்வளவு கம்பீரமாக நடித்தார்! துப்பாக்கியோடு சுற்றி, தன் நாட்டில் என்ன நடக்கிறது என்று பத்து வருடமாகத் தேடி, கடைசியில் அது தன்னுடைய கட்டளைதான் என்று தெரிந்ததும் அவர் முகம் போன போக்கு. ஒவ்வொரு பத்து வருடமும் அவரே தேடி, அவரே கண்டுபிடித்து, அவரே மறந்திருக்கிறார். எனக்கு இந்த எபிசோடிலேயே பாவமாக இருப்பது அவர்தான்.

எட்டாம் நம்பர் லயம்:

ஆமாம் தங்கச்சி, முகமூடி. நான் மறந்தே போனேன். அதை ஒத்துக்கொள்கிறேன், அது சின்ன விஷயமில்லை.

ஊவா டீச்சர்:

ராணியைப் பற்றி நானும் நினைத்தேன். வகுப்பில் சில பிள்ளைகள் தோட்டத்திலிருந்து வருவதைச் சொல்ல மாட்டார்கள். முகவரி கேட்டால் பக்கத்து டவுன் பெயரைச் சொல்வார்கள். நானே அப்படிச் சொல்லி வளர்ந்தவள்தான். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முழுக்க எனக்கு ஊர் ‘பண்டாரவளை டவுன்’. கீழே இருப்பவர்களுக்கும் அந்தப் பொத்தானை யாரோ கையில் கொடுத்துவிடுகிறார்கள். இதை எழுதுவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கடைசி பஸ்:

டீச்சர், என் ஒஃபிசில் நான் ‘ஹட்டன்’. இன்றைக்கு வரைக்கும்.

மவுசாகலை:

தம்பி, டீச்சர், இரண்டு பேருக்கும் என் அன்பு.

லயத்து அண்ணே, ஒரு யோசனை. அம்மாவுக்கு ஒருதரம் போட்டுக் காட்டுங்களேன். நாம் இவ்வளவு பேசிவிட்டோம். முப்பத்திரண்டு வருடம் மலை ஏறினவர் என்ன சொல்வார் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

எட்டாம் நம்பர் லயம்:

போட்டுக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பகல், மழை விட்டிருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அம்மா முதலில் அதிகம் பேசவில்லை. அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பார்த்தார். கொழுந்து எடுத்த விரல்களில் அந்தக் கறுப்புக் கோடுகள் இன்னும் போகவில்லை, வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. தரையில் வைத்த குவளைக் காட்சியில் கத்தியை நிறுத்தினார். வாக்குப் பெட்டிக் காட்சியில், “மறக்கறதுக்கு எதுக்கு மிசினு” என்றார். திமிங்கிலத்துக்கு மின்சாரம் பாய்ச்சுகிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது ஒன்று சொன்னார். நிறுவைக்காரர் ஒவ்வொரு தரமும் கூடைக்கும் தண்ணீருக்கும் என்று இரண்டு கிலோ கழிப்பாராம். வெயில் காலத்திலும் தண்ணீருக்குக் கழிவு. ஒருநாள் கேட்டதற்கு அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் போட்டார்களாம். “கேட்டா அரைப்பேரு, கேக்காட்டி ரெண்டு கிலோ” என்றார். எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று நான் கேட்கவில்லை.

கடைசிப் பக்கம் ஒரு காட்சி வரும், ஞாபகம் இருக்கிறதா? திமிங்கிலத்தின் வால்போன்ற ஒரு கொடுக்கு மேலே வந்து அந்தச் சின்னப் பெண் மேண்டியின் தோளைத் தொடும். அவள் பயப்படாமல் அதைத் தடவிக்கொடுப்பாள். பிள்ளைகளை மட்டும் அது தின்பதில்லை என்று சொல்லும் இடம். அம்மா அதைப் பார்த்ததும் “அந்தா, அந்தா, புள்ளைய தொடுது பாரு” என்று எழும்பிவிட்டார். கண் கலங்கியிருந்தது. தம்பி சொன்ன கருணை அந்த இடத்தில் எனக்கும் தெரிந்தது, அதை இங்கே எழுதாமல் விட்டால் நியாயமில்லை.

முடிந்ததும் நான் கேட்டேன், அது போயிருக்கணுமா இருந்திருக்கணுமா அம்மா என்று. அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. வேறொன்று கேட்டார்.

“மண்டைய தொறந்தாங்களே, அதை மூடுனாங்களா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பின்னால் ஓட்டிப் பார்த்தேன். பொத்தானை அழுத்துகிறார்கள், மின்சாரம் நிற்கிறது, கப்பல் வேகமெடுக்கிறது, எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பிறகு காட்சி மாறிவிடுகிறது.

கடைசி பஸ்:

அண்ணே, இன்று ராத்திரி வேலை முடிந்து போனதும் நானும் பார்க்கிறேன். அந்த அறையை மறுபடி எங்கேயாவது காட்டுகிறார்களா என்று, ஒவ்வொரு நொடியாக. அம்மாவிடம் சொல்லுங்கள், மஸ்கெலியாப் பையன் தேடிக்கொண்டிருக்கிறான் என்று.